கருவறைக் கற்கள்

வேமுலகட்டா,
14 டிசம்பர் 1980

அன்புள்ள தம்பி மத்திலேட்டிக்கு அக்கா சுங்குலம்மா எழுதுவது.

ஒண்டிகுட்டாவுக்குப் போனதும் எழுதுகிறேன் என்றாய். கார்த்திகை தீபம் முடிந்தும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொல்லியல் துறை வேலையில் சேர்ந்தவர்களுக்குக் கை மரத்துப் போகுமோ என்னவோ. இதைக் கல் லாரி ஓட்டுகிற காஜா மியாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம் ஊர் குமாரலிங்கேஸ்வரர் கோயிலே அவன் லாரியில்தான் உன்னிடம் வருகிறது. என் கடிதம் வராமலா போகும்?

விமானத்தைக் கழுத்துவரை இறக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை பெயிண்டில் எண் எழுதி, அதே எண்ணைக் காகிதத்திலும் குறித்துக்கொண்டு, சங்கிலிக் கப்பியில் தொட்டில் பிள்ளையை இறக்குவது போல இறக்குகிறார்கள். என் பால்வாடிப் பிள்ளைகள் சாக்கட்டியை எடுத்து ஒருவர் முதுகில் ஒருவர் எண் போட்டு விளையாடுகின்றன. திட்டவும் மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர், உன் பாவா, தினமும் என்னைச் சீண்டுகிறார். "உன் தம்பி சாமிக்கு மேட்டுல வீடு கட்டுறான். அப்படியே பக்கத்துல நமக்கும் ஒரு குடிசை போடச் சொல்லேன்" என்கிறார். விளையாட்டாகச் சொன்னாலும் அவருக்குத் தூக்கம் இல்லை. அணை நிறைந்தால் ஊர் முழுவதும் தண்ணீருக்குள் போகும் என்று தண்டோரா போட்டாயிற்று. பெத்தபாடு மேட்டில் மனை தருகிறோம் என்று தாசில்தார் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. எங்கே, எப்போது என்று கேட்டால் எவரும் வாய் திறப்பதில்லை. உன் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

சோள ரொட்டியும் பருப்புப்பொடியும் வைத்திருக்கிறேன். என் மகள் நரசம்மா உனக்கென்று நிலக்கடலை உருண்டை பிடித்தாள். பதினாறு வயதுப் பெண் பிடித்த உருண்டை, பல்லைப் பார்த்துக் கடி.

உன் அக்கா,
சுங்குலம்மா


ஒண்டிகுட்டா முகாம்,
28 டிசம்பர் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

ரொட்டியில் பாதிதான் வந்தது. கேட்டால் காஜா மியா, "சுங்கம் பிடிச்சுட்டேன் சார்" என்கிறான். உருண்டையை அவனும் கடிக்கத் துணியவில்லை.

எழுதாதது என் தப்புதான். விடிந்தால் கல், அடைந்தால் வரைபடம். இங்கே நெடுஞ்சாலையை ஒட்டிய பாறைமேட்டில் அடித்தளம் போட்டுவிட்டோம். அங்கே மேலிருந்து பிரிக்கிறார்கள், நாங்கள் கீழிருந்து கட்ட வேண்டும். அதனால் முதலில் வருகிற கல்தான் எங்களுக்குக் கடைசியில் வேண்டும். வந்ததையெல்லாம் மைதானத்தில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறேன். கோயிலைத் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது.

அக்கா, கோயில் சுவர் ஒரே சுவர் இல்லை, தெரியுமா? வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் துண்டுக்கல் நிரப்பியிருக்கிறார்கள். முன்மண்டபத்துக் கல் ஒன்றின் உட்பக்கத்தில் பாதி செதுக்கிய அன்னம் ஒன்று இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருஷமாக எவர் கண்ணிலும் படாத பக்கம். சிற்பி கை பழகியிருக்க வேண்டும், அல்லது பிடிக்காமல் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். படம் எடுத்துக்கொண்டு அதே மாதிரி உட்பக்கமாகவே வைக்கப் போகிறோம். கட்டியவன் வைத்தபடி வைப்பதுதான் எங்கள் வேலை. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மனையைப் பற்றி எங்கள் அதிகாரி வெங்கோபராவிடம் கேட்டேன். "அது வருவாய்த் துறை விவகாரம்ப்பா, நமக்குக் கல்லோட சரி" என்றார். மறுபடி கேட்கிறேன். பாவாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி,
மத்திலேட்டி


வேமுலகட்டா,
22 பிப்ரவரி 1981

அன்புள்ள தம்பிக்கு,

இதைப் படித்து நீ கோபப்படுவாய். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

மண்டபம் போய்விட்டது. சுற்றுச்சுவரும் போய்விட்டது. கருவறை மட்டும் வெயிலில் தனியாக நிற்கிறது. நேற்று அதைப் பிரிக்க வந்தார்கள். நாங்கள் விடவில்லை.

அதற்கு முந்தின நாள் ஊர் கூடியது. தாசில்தார் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள், மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்ற உத்தரவோடு வந்தார்கள். மனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாரும் சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு உன் பாவா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "சாமி உள்ள இருக்கிற வரைக்கும் தண்ணிய ஏத்த மாட்டாங்க. நாம உள்ள இருந்தா ஏத்துவாங்க. அதனால சாமிய விடாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் கருவறையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். பால்வாடியையும் அங்கேயே நடத்துகிறேன். மனைப் பட்டாவைக் கையில் கொடுத்தால் எழுந்திருப்போம், அவ்வளவுதான். கல்லில் எவரும் கைவைக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

அக்கா
சுங்குலம்மா


ஒண்டிகுட்டா முகாம்,
19 மார்ச் 1981

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்பட்டேன். பிறகு நீங்கள் கேட்பதில் என்ன தப்பு என்று யோசித்தேன். பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது.

இங்கே எல்லாம் தயாராக இருக்கிறது. கருவறை இல்லாமல் மேலே ஒரு கல் வைக்க முடியாது. ஆற்றில் இந்த வருஷம் சீக்கிரமே வெள்ளம் வரும் என்கிறார்கள். நீங்கள் நினைப்பது போல் கோயிலுக்காக எவரும் அணைக் கதவைத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள், அக்கா. எங்களுக்குக் கொடுத்த கெடு ஏப்ரல். அதைத் தாண்டினால், கிடைத்தது போதும் என்று எழுதி மூடிவிடுவார்கள். கருவறை தண்ணீருக்குள் போகும். மீதிக் கற்கள் இந்த மைதானத்திலேயே முள் முளைத்துக் கிடக்கும்.

நேற்று வெங்கோபராவ் என்னைக் கூப்பிட்டார். "அங்க உட்கார்ந்திருக்கிற டீச்சரம்மா உன் கூடப் பொறந்தவதானே?" என்றார். ஆமாம் என்றேன். மனையைக் கொடுத்தால் எழுந்துவிடுவாள் என்றேன். மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். பெத்தபாடு மேடு, அக்கா. தெருவெல்லாம் பிரித்து, குழாயடி, பள்ளிக்கூடம், சுடுகாடு வரைக்கும் போட்டிருக்கிறது. உங்கள் தெரு தெற்குப் பக்கம் வருகிறது. மனைக்கல் நட்டாகிவிட்டது, ஜூனில் பட்டா என்கிறார். வரைபடத்தை என் கண்ணால் பார்த்தேன். கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது.

கருவறையை விடச் சொல். ஊருக்கு நான் வார்த்தை கொடுக்கிறேன் என்று சொல். பாவாவிடமும் சொல்.

உன் தம்பி,
மத்திலேட்டி


வேமுலகட்டா,
9 ஏப்ரல் 1981

தம்பி,

உன் கடிதத்தை ஊரில் வாசித்தேன். அடுப்பை விட்டுப் பெண்களும் வந்து கேட்டார்கள். தெற்குத் தெரு, குழாயடி என்று வாசித்தபோது சிலர் அழுதார்கள்.

உன் பாவா மட்டும், "வரைபடத்தைப் பார்த்தானா, நிலத்தைப் பார்த்தானா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வரைபடத்த வச்சுத்தானே ஒரு கோயிலையே தூக்கிட்டுப் போறான்! எம்பொறந்தவன் எனக்குப் பொய் சொல்லுவானா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவருடைய தம்பி மனைவி பெத்தக்கா, "டீச்சரம்மா சொல்றா, எந்திரிங்கடி" என்று முதலில் எழுந்தாள்.

கருவறையை நேற்றோடு பிரித்து முடித்தார்கள். லிங்கத்தை வைக்கோலிலும் சாக்கிலும் சுற்றிக் கடைசி லாரியில் ஏற்றினார்கள். கிழவர்கள் தேங்காய் உடைத்தார்கள். உன் பாவா லாரிக்குப் பின்னாலேயே மாட்டுப் பாதை முடியும் வரை நடந்து போய்விட்டு வந்தார். சாப்பிடவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் இப்போது ஆடு படுத்திருக்கிறது.

பட்டா வந்ததும் எழுதுகிறேன். நரசம்மாவுக்கு கத்வாலிலிருந்து ஒரு வரன் கேட்டு வந்தார்கள். புது ஊர் போய்ச் சேர்ந்ததும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

அக்கா
சுங்குலம்மா


ஒண்டிகுட்டா முகாம்,
17 ஜூன் 1981

அக்கா,

இதை அவசரத் தபாலில் போடுகிறேன். லாரிகள் நின்றுவிட்டன.

நீ எழுதாததால் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பெத்தபாடு மேட்டுக்குப் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. முள்ளுக்காடு. ஒரு மனைக்கல் இல்லை, ஒரு கயிறு கட்டிய அடையாளம் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "இங்கயா? போன வருஷம் குடை பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரு வந்தாங்க. டீ இருக்கான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சிரித்தார்.

திரும்பி வந்து வெங்கோபராவைப் பிடித்தேன். "வருவாய்த் துறைக்காரங்க குடுத்த படத்த நான் காட்டினேன். நட்டாங்களா இல்லையான்னு நானா போய்ப் பார்க்கிறது? உனக்கு உன் கோயில் வந்துடுச்சுல்ல?" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நாளை கர்நூலில் கலெக்டரைப் பார்க்கப் போகிறேன். அதுவரை வீட்டை விட்டு இறங்காதீர்கள். எவர் வந்து என்ன காகிதத்தைக் காட்டினாலும் இறங்காதீர்கள். பாவா கேட்டது சரி. அவரிடம் சொல்.

மத்திலேட்டி


ஒண்டிகுட்டா முகாம்,
2 ஆகஸ்ட் 1981

அக்கா,

இது நான்காவது கடிதம். எதற்கும் பதில் இல்லை.

கலெக்டரைப் பார்க்க என்னை விடவில்லை. தினமும் போனேன், தினமும் நாளைக்கு வா என்றார்கள். அதற்குள் போலீஸ் வந்து வீடுகளை இடித்ததாகப் பேப்பரில் படித்து ஓடி வந்தேன். பாதை பாதியிலேயே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கரையில் நின்றவர்களிடம் உங்கள் பெயர் சொல்லிக் கேட்டேன். வேமுலகட்டாக்காரர்களைப் பல இடங்களில் இறக்கிவிட்டார்கள் என்றார்கள். கத்வால் பக்கம் கால்வாய்க் கரையில் போட்டிருக்கும் கொட்டகைகளில் மூன்றைப் பார்த்துவிட்டேன். எதிலும் நீங்கள் இல்லை.

இதை கத்வால் தபால் ஆபீசுக்கு அனுப்புகிறேன். எவராவது உன்னிடம் சேர்ப்பார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுது. வந்து கூட்டிப் போகிறேன்.

மத்திலேட்டி


கால்வாய்க் கரைக் கொட்டகை,
கத்வால் தாலுகா,
25 பிப்ரவரி 1982

மத்திலேட்டிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டாக ஐப்பசியில் வந்தன. படித்தேன். எழுதத் தோன்றவில்லை.

ஜூன் இருபதாம் தேதி போலீஸ் வந்தது. உத்தரத்தில் கயிறு கட்டி லாரியை வைத்து இழுத்தார்கள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. எடுக்க விடவில்லை. உன் பாவா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். இருவர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தார்கள். வீடு விழுவதைப் பார்த்துக்கொண்டே, "போகலாம் வா" என்றார்.

இந்தக் கொட்டகையில் ஆடி மாதம் வாந்திபேதி வந்தது. குழந்தைகள் முதலில் போனார்கள். பால்வாடியில் எண் போட்டு விளையாடிய பிள்ளைகள்தான். ஆவணியில் உன் பாவா போனார். இரண்டு நாள்தான். உன்னை ஒன்றும் சொல்லவில்லை. நரசம்மா கல்யாணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த வரன்காரர்கள் பிறகு வரவில்லை.

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதை நான் எவரிடம் போய்ச் சொல்லுவது? பெத்தக்கா தன் கைக்குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து என் கொட்டகை முன்னால் நின்றாள். "உன் தம்பி பட்டா கொண்டு வந்துட்டானா டீச்சரம்மா?" என்று கேட்டாள். அழக்கூட இல்லை. அன்று முதல் எவரும் என்னோடு பேசுவதில்லை. நான் குழாயடிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள். பால்வாடி வைக்கிறேன் என்றேன். எவரும் பிள்ளையை அனுப்பவில்லை.

சிவராத்திரிக்குக் குடமுழுக்கு என்று சுவரொட்டி பார்த்தேன். நரசம்மா வேண்டாம் என்றாள். நான் மட்டும் வந்தேன். உன்னையும் பார்த்தேன். சாரத்துக்குக் கீழே வேட்டி கட்டிக்கொண்டு பெரிய மனிதர்களோடு நின்றாய். மெலிந்திருந்தாய். கூப்பிடும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.

கோயிலைச் சுற்றி வந்தேன். ஒரு குறை இல்லை. கருவறை வாசலில் நிற்கும்போது நம் ஊரில்தான் நிற்கிறேன் என்று நினைத்துத் திரும்பினேன். பின்னால் ரோடும் பஸ்ஸும் தெரிந்தன. நீ நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய்.

பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். வேமுலகட்டா என்றேன்.

"அப்படி ஒரு ஊரு இந்தப் பக்கம் இல்லையே?"

"இந்தக் கோயிலோட ஊருங்க."

"கோயில் இங்கதானேம்மா இருக்கு" என்று சொல்லி, புளியோதரையைக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். வரிசை நகர்ந்துவிட்டது.

நாளைக் காலை மேஸ்திரி ஒருவர் ஆட்களைக் கட்டட வேலைக்குப் புனேக்குக் கூட்டிப் போகிறார். நானும் நரசம்மாவும் பெயர் கொடுத்திருக்கிறோம். அங்கே எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்தாலும் நான் எழுதப் போவதில்லை. எங்களைத் தேடி வராதே. வேளைக்குச் சாப்பிடு.

சுங்குலம்மா