கம்பளிப் பந்தும் புருவத்துக் காயமும்

மூணாறு,
8-10-1932

அன்புள்ள செபமாலைக்கு,

ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி தேவலையா? பிள்ளைக்கு இருமல் விட்டதா?

ஆஸ்பத்திரி வேலை முடிந்தால் பொழுது போகவில்லை என்று, எஸ்டேட் குமாஸ்தாக்கள் ஆடும் பாட்மிண்டன் கிளப்பில் சேர்ந்தேன். சேர்ந்த நாள் முதல் எரிச்சல்தான். இந்த ஆட்டத்துக்குக் கம்பளி நூல் சுற்றிய பந்துதான், அது மழையில் ஊறிக் கல்லாகிவிடுகிறது. மேகம் இறங்கினால் வலையே தெரிவதில்லை. என் கூட்டாளி ஹெட் கிளார்க் சங்கையா, எல்லாப் பந்தும் தனக்கே என்பார். செவ்வாய்க்கிழமை அவர் மட்டை என் புருவத்தில் பட்டுவிட்டது. சின்னக் காயம், நானே கட்டிக்கொண்டேன், பயப்படாதே.

நேற்று, இனி வரமாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். வாய் திறக்குமுன் அவர், "எங்கவே போனீரு சுவக்கீன்? ரெண்டு நாளா உம்ம எடம் சும்மாதான் கெடக்கு. இன்னிக்காவது ஒதுங்கி நில்லும்" என்றார். பகல் முழுக்க எல்லோருக்கும் நான் கம்பவுண்டர்தான். பேரைச் சொல்லித் திட்ட இங்கே அந்த மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். மட்டையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

போடிமெட்டு வழியாக யாராவது வந்தால் பந்து சுற்ற மஞ்சள் கம்பளி நூலும், நீ போட்ட எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்துவிடு. உன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகிறது. தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன்
சுவக்கீன்