பர்லி, பர்லி

பிப்ரவரி 10, திங்கள்

பாதுகாப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று. கணினிக்குள் நாங்கள் கட்டிய வைட்ஃபீல்ட் சாலையில் எங்கள் கார் பத்து லட்சம் கிலோமீட்டர் தானாக ஓடிவிட்டது. மாடு, குழி, எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர் எல்லாம் விட்டுப் பார்த்தோம். மோதல் பூஜ்யம். 20ஆம் தேதி நிஜச் சாலை. ஸ்டீயரிங் முன்னால் காவலுக்கு உட்காரப்போகிறவர் சந்தாபுரா அசோகன், இருபது வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவர். அறிக்கையில் என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க சைன் பண்ணிட்டீங்கல்ல மேடம், நான் தைரியமா பிரேக்லேர்ந்து காலை எடுத்துடுவேன்."

பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் அல்சூரில் எங்கள் சந்து முனையில் ஆட்டோவுக்கு நின்றேன். எதிர் அபார்ட்மெண்டிலிருந்து தண்ணீர் டேங்கர் ரிவர்ஸில் வெளியே வந்தது. கிளீனர் அதைப் பார்த்தபடி, கையை ஆட்டிக்கொண்டு, "பர்லி, பர்லி" என்று கூவியபடி பின்னோக்கியே நடந்து சாலைக்கே வந்துவிட்டார். 'வரட்டும், வரட்டும்' என்று கன்னடத்தில். முதுகு மொத்தமும் ட்ராஃபிக் பக்கம். பஸ் நின்றது, ஆட்டோக்கள் நின்றன, ஒருவரும் திட்டவில்லை. இந்த ஊரில் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி.

எங்கள் கணினிச் சாலையில் யாராவது இப்படிப் பின்னோக்கி நடக்கிறார்களா?

பிப்ரவரி 14, வெள்ளி

ஒருவரும் இல்லை. மறந்துபோகவில்லை, தூக்கி எறிந்திருக்கிறோம். நிஜச் சாலையில் கேமரா வைத்து எடுத்த பதிவுகளில் அப்படி நடந்தவர்கள் 212 பேர். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு விதி எழுதி அத்தனை பேரையும் நீக்கியிருக்கிறார்கள்: 'முகம் ஒரு பக்கம், நகர்வு எதிர்ப்பக்கம் என்றால் கேமரா பிழை.'

யாரோ என்ன யாரோ. எழுதியவர் பெயர் அங்கேயே இருக்கிறது. சிந்தியா ஓஸ்வால்ட்.

நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மனுஷன் எப்படிப் பின்பக்கமா போவான்னு நினைச்சியாடி? தேர்பவனியில மாதா முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாவே நடந்து பாடுறவங்களை வருஷா வருஷம் பார்க்கிறவதானே நீ?

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆபீசில் தனியாக உட்கார்ந்து 212 பேரையும் திரும்பச் சேர்த்தேன். முகம் எந்தப் பக்கமோ ஆள் அந்தப் பக்கம்தான் போவார் என்று கார் கணக்குப் போடுகிறது. கிளீனரின் முகம் கேட்டைப் பார்க்கிறது, அப்படியானால் உள்ளே போகிறார், வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. கணினியில் நூறு முறை ஓட்டினேன். முப்பத்தேழு முறை மோதியது.

முப்பத்தேழு.

பிப்ரவரி 17, திங்கள்

மேனேஜர் ப்ரஹ்லாத்திடம் சொன்னேன். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்.

"சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கறீங்க சிந்தியா. ரூல் எழுதினது நீங்க, சைன் பண்ணினது நீங்க. ஆடிட்ல யாரைக் கேப்பாங்க?"

"என்னைத்தான்."

"அசோகன் எதுக்கு இருக்கார்? பிரேக் போடுவார். வியாழக்கிழமை வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வராங்க. அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: மதியம் வரைக்கும் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

கம்பெனித் தலைமைக்கு மெயிலை எழுதுவதும் அழிப்பதுமாகக் காலை போயிற்று. வேலை போயிடுமா? போனா போகட்டும்னு சொல்ல வாய் வரல. பயமாத்தான் இருக்கு.

சாப்பிட்டுவிட்டு பார்க்கிங்குக்கு இறங்கினேன். நின்றிருந்த காரில் அசோகன் வலது காலைப் பின்னால் மடக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிராக்டீஸ் மேடம். பழக்கதோஷத்துல கால் தானா பிரேக்குக்குப் போவுது. அன்னிக்கு நான் சும்மா மிதிச்சிட்டா உங்க டெஸ்ட் கெட்டுடும்ல?"

பிரேக் போடுவார் என்றாரே ப்ரஹ்லாத். இவர் போடாமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார், என் கையெழுத்தை நம்பி.

"காலை எடுக்காதீங்க அண்ணா. எப்பவும் எடுக்காதீங்க" என்றேன். மேலே போய், நின்றபடியே அனுப்பிவிட்டேன். மூன்று வரி. விதி என்னுடையது. தவறும் என்னுடையது. கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கார் ஷெட்டிலேயே நின்றது. ப்ரஹ்லாத் லிஃப்டில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

என் விதியை எடுத்துவிட்டு, அந்த 212 பேரையும் வைத்துக் காருக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தோம். இன்று ஓடியது. புது அறிக்கையில் ரக்ஷாவின் கையெழுத்து. என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்தான், இப்போது நான் அவளுக்குக் கீழே. கையெழுத்துப் போடும் வேலை இனி எனக்கு இல்லை. வலிக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன்.

நாலு மணிக்கு அசோகன் போன் செய்தார்.

"மேடம், டேங்கர் ஒண்ணு ரிவர்ஸ்ல வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. நான் மிதிக்கிறதுக்குள்ள வண்டியே நின்னுடுச்சு."

"அந்த கிளீனர்?"

"நமக்கு நாலடி முன்னால நின்னார். திரும்பியே பாக்கல மேடம். பர்லி பர்லின்னுக்கிட்டே இருந்தார்."