கடைசி ஆறு கட்டங்கள்

பிப்ரவரி 6, வியாழன்

புது வேலை வந்திருக்கிறது. ஔந்த் பகுதியிலிருந்து ஒரு டர்போ கார். உரிமையாளர் கௌஷிக்குக்கு மகர்பட்டாவில் ஐ.டி. வேலை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை வேறெங்கோ கொடுத்துப் பெரிதாக மாட்டிக்கொண்டாராம், இப்போது முழு வேகத்தில் வண்டி திணறுகிறது. காற்றை அளக்கும் சென்சார் மட்டும் பழையது. நூறு கிலோ தராசில் நூற்றைம்பது கிலோ மூட்டையை வைத்தால் முள் நூறிலேயே நிற்கும், அது மாதிரி. உள்ளே போகும் காற்று கூடுகிறது, சென்சார் ஐந்து வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. அதனால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைப்பதில்லை.

அகலமான குழாயையும் புது சென்சாரையும் கராஜ் முதலாளி நிலேஷ் சார் மாட்டிவிடுவார். எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணையை நான் புதிதாக எழுத வேண்டும். முழுவதும் பானு பொறுப்பு என்று கராஜில் எல்லார் முன்னாலும் சொன்னார். சிரிப்பை மறைக்க, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

பிப்ரவரி 8, சனி

அந்தக் கௌஷிக், அப்பா டிரைவராக இருக்கும் வீட்டுப் பிள்ளை. பெயரைக் கேட்டும் எனக்குத் தெரியவில்லை. அப்பா எப்போதும் 'சின்ன முதலாளி' என்பார், பெயர் சொல்லமாட்டார்.

சாப்பிடும்போது சொன்னார். நாளை சின்ன முதலாளி காரை சிஞ்ச்வட் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். துரைசாமியைத் தவிர யாரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவாம். அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை.

"உன் கம்பெனி பக்கமாம்மா?"

"சிஞ்ச்வட் பெரிசுப்பா" என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் சொன்னவளின் அப்பா வங்கி மேலாளர். என் முறை வந்தது. டிராவல்ஸ் வைத்திருக்கிறார் என்றேன். டிரைவர் என்றிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். பின் ஏன் பொய் சொன்னேன்?

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா வண்டியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வாயைத் திறக்கப் போனார்.

"டிரைவர்ஜி, சாவி" என்றேன். இந்தியில்.

ஒரு கணம் நின்றார். பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "ஜி, மேடம்" என்றார்.

சென்சார் மாட்டி முடியும்வரை வெளியே பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். மதியம் ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அப்பா ஓட்ட, பக்கத்தில் நான் லேப்டாப்போடு, பின்னால் நிலேஷ் சார். மூன்றாவது கியரில் கடைசிவரை மிதிக்க வேண்டும். அப்போதுதான் அட்டவணையின் மேல் கட்டங்களுக்கு அளவு கிடைக்கும்.

அப்பா முக்கால்வாசி மிதிப்பார், இன்ஜின் அலறியதும் காலை எடுத்துவிடுவார். அடுத்தவர் வண்டி. இன்னும், இன்னும் என்று இந்தியில் சொன்னேன். மூன்று முறை ஓடினோம், மூன்றிலும் லேப்டாப் திரையில் கோடு அதே இடத்தில் மடிந்து கீழே விழுந்தது. 'ஒண்ணும் ஆகாதுப்பா, மிதிங்க' என்று தமிழில் சொல்லியிருந்தால் மிதித்திருப்பார். என் பேச்சைத் தட்டியதே இல்லை.

அளவு மேலே வரை வந்ததா என்று சார் கேட்டார். வந்தது என்றேன்.

வீட்டில் அம்மா, கராஜ் எப்படி என்று விசாரித்தாள்.

"ஒரு இன்ஜினியர் மேடம் உக்காந்து பாத்தாங்க. கெட்டிக்காரி."

"நம்ம பானு மாதிரியா?"

"அந்த வயசுதான் இருக்கும்" என்றார் அப்பா. குழம்பை ஊற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடைசி ஆறு கட்டங்கள் காலி. கீழே இருந்த கோட்டை அப்படியே மேலே நீட்டி நிரப்பினேன். நேர்கோடு. புது சென்சார் அங்கே நேராகப் போகாது, மேல்நோக்கி வளையும்; என் கணக்கில் காற்று குறையும், பெட்ரோலும் குறையும். தெரியும். சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

லோனாவ்லா போகும் வழியில் கார் நின்றுவிட்டதாம். புகை.

பிப்ரவரி 17, திங்கள்

பிரித்தார்கள். இரண்டாவது பிஸ்டனில் ஓட்டை, விளிம்பு உருகியிருக்கிறது. பெட்ரோல் போதாமல் வெந்த பிஸ்டன். மட்டமான பெட்ரோல் போட்டாலும் ஏறக்குறைய இப்படித்தான் ஆகும். சார் அதையே பிடித்துக்கொண்டார்.

கௌஷிக் வந்திருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"நம்ம டிரைவர் வேலைதானுங்க. உசந்த பெட்ரோலுக்குக் காசு வாங்கிட்டு, சாதாவ ஊத்திட்டு, மிச்சத்தப் பையில போட்டிருக்கான். இவனுங்கள நம்பவே கூடாதுங்க."

நான் தலையசைத்தேன்.

தலையசைத்தேன். எதற்கு ஆட்டினாய், பானு?

பிப்ரவரி 18, செவ்வாய்

அப்பாவை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். "அவரு சொன்ன பெட்ரோல்தான் போட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொரு முறையும் சொன்னார்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு என்கிறாள் அம்மா. திருட்டுப் பட்டம் அப்படி.

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். கௌஷிக் வந்திருந்தபோதே, சார் முன்னால். கடைசி ஆறு கட்டங்களுக்கு அளவு கிடைக்கவில்லை, நானே இட்டுக்கட்டினேன், பெட்ரோலில் குற்றமில்லை. குரல் எனக்கே கேட்கவில்லை. சார் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

கத்தவில்லை. இன்ஜினைக் கராஜ் செலவிலேயே சரிசெய்து தருவோம் என்று கௌஷிக்கிடம் சொன்னார். என் லேப்டாப்பை மூடித் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"அப்ப டிரைவர் மேல தப்பில்லீங்களா?" என்றார் கௌஷிக்.

"இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். 'அவர்' என்றுதான் சொன்னேன். 'எங்கப்பா' என்று வாயில் வரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கௌஷிக் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, நாளையே வரச் சொன்னாராம். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். ரோஷம் என்று அம்மா திட்டுகிறாள். அவள் கடைக்குப் போன பிறகு சொன்னார்:

"கோவமெல்லாம் இல்லமா. அந்த வண்டிக்கு அடிக்கடி கராஜ் வேல வரும். ஒவ்வொரு தபாவும் நான் வந்து நிக்கணும், நீ என்னப் பாக்கணும். உனக்கு எதுக்கு அந்தச் சங்கடம்."

வாங்கப்பா, பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவள் நான்தான். துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

மார்ச் 13, வியாழன்

அப்பாவுக்கு ஒரு ஃபாக்டரியின் ஸ்டாஃப் பஸ்ஸில் வேலை கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. சம்பளம் குறைவு. அந்த பஸ் தினமும் மாலை எங்கள் கராஜ் தெருவழியாகத்தான் போகிறது. ஹாரன் அடிக்கமாட்டார், இந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டார்.

இன்று வாசலில் நிலேஷ் சாரோடு உதிரிபாகப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அந்த வேலைதான். பஸ் வந்தது. கையைத் தூக்கினேன். அப்பா நேரே சாலையைப் பார்த்தபடி போனார்.

யார் அது, தெரிந்தவரா என்று கேட்டார் சார்.

"என் அப்பா" என்றேன். இந்தியில், அவருக்குப் புரியும்படி. சாருக்கு நினைவு வந்துவிட்டது. அன்று ஓட்டிய அந்த டிரைவரா என்றார்.

"ஆமாம். அவர்தான்."

அதற்குள் பஸ் முனை திரும்பிவிட்டிருந்தது.