தண்ணீர்த் தொட்டி முக்கும் கருந்துளையின் விளிம்பும்

என் ஈரக்குலையே, தமிழ்ச்செல்வி,

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி முக்கில் நின்றவர்கள் எல்லாரையும் எனக்கு ஞாபகமிருக்கிறது. கொள்ளிச் சட்டியோடு உன் வீட்டுக்காரர் முருகேசன். உன் பெரியப்பா கருப்பையா. பக்கத்து வீட்டு ஆரோக்கியம். என் கையைப் பிடித்துக்கொண்டு உன் மகள் யாழினி. பாடைக்குத் தோள் கொடுத்தபடி உன் அப்பா. மற்றதெல்லாம் தெருச்சனம்.

பள்ளிக்கூடத்தில் சைன்ஸ் டீச்சர் நீ. வீட்டில் எனக்கும் வகுப்பெடுத்தாய். தக்காளி தரம் பிரிக்க உட்கார்ந்தால் போதும், கருந்துளைக்குப் போய்விடுவாய். பெரிய நட்சத்திரம் ஒன்று தன் கனத்தாலேயே நொறுங்கி உள்ளே விழுந்து, வெளிச்சத்தைக்கூட வெளியே விடாத ஈர்ப்பாகிவிடும் என்றாய்.

"ஏன்டி, கயிறு போட்டுத் தூக்க முடியாதா? கன்னிவாடித் தோட்டத்துல கெணத்துல விழுந்த ஆட்டத் தூக்கலையா?"

"கெணத்துக்குள்ள மேல, கீழ உண்டும்மா. இதுல விளிம்பத் தாண்டிட்டா 'மேல'ங்கிறதே கெடையாது. எந்தப் பக்கம் திரும்புனாலும் நடுவுதான் முன்னாடி நிக்கும். நாளப்பொழுத வராம நிறுத்த முடியுமா? அது மாதிரி."

நடுவை நெருங்க நெருங்கத் தலையைவிடக் காலை வேகமாக இழுக்கும், ஆள் இடியாப்பமாகிவிடுவான் என்று சிரித்தாய். ஆனால் ரொம்பப் பெரிய துளையில் விளிம்பைத் தாண்டும்போது ஒன்றுமே தெரியாதாம். "விழுறவளுக்குத் தன் கனமே தெரியாதும்மா." நிசமா? ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மூச்சில் உனக்கும் கனம் தெரியவில்லையா? இதை நான் யாரிடம் கேட்பேன்?

வெளியே நிற்பவள் பாடுதான் வேறு என்றாய். அவள் கண்ணுக்கு, விழுகிறவள் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, விளிம்பிலேயே நின்று, சிவந்து மங்கிப்போவாளாம். தாண்டியதை அவள் பார்க்கவே மாட்டாளாம்.

அந்த முக்கில் பெரியப்பா கையை நீட்டி என்னைத் தடுத்தார். "பொம்பளையாளுக இதோட நில்லுங்க. சுடுகாட்டுக்கு வரக்கூடாது."

ஆரோக்கியம் விடவில்லை. "எங்காளுகள்ல பொம்பளைகளும் கல்லறை வரைக்கும் போவோம்ணே. பெத்தவ, போகட்டுமே!"

"ஒங்க வழக்கம் ஒங்களுக்கு" என்ற பெரியப்பா, உன் அப்பாவைப் பார்த்தார். "என்னப்பா தம்பி, நீ சொன்னா வரட்டும்."

உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அன்றிலிருந்து நீ எனக்கு அந்த முக்கிலேயே நிற்கிறாய், கண்ணு. ரேஷன் கடைக்குப் போகும்போதும் பார்க்கிறேன்; உன்மேல் சாத்திய மல்லிகைப்பூ அப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது. நீ போய்ச் சேர்ந்ததை இந்தக் கண் பார்க்கவில்லையே.

யாழினி இப்போது பதினொன்றாவது. நேற்று நீ கருந்துளை பற்றி எழுதிவைத்த நோட்டை எடுத்து வாசித்துக் காட்டினாள். நீ முக்கிலேயே நிற்பதை அவளிடம் சொன்னேன்.

"வெளியவே நின்னா அப்படித்தான் தெரியும் அம்மாச்சி. வா, சுடுகாட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்."

"உள்ள போனா திரும்ப முடியாதுன்னாளே ஒங்கம்மா?"

"அது கருந்துளை. இங்க போன ஆம்பளைக அம்புட்டுப் பேரும் திரும்பி வந்து, குளிச்சிட்டுச் சோறு தின்னாகள்ல?"

எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

நாளை விடிந்ததும் அவளோடு அந்த முக்கைத் தாண்டி உன்னிடம் வருகிறேன். ஆரோக்கியமும் வருகிறாள். உன்னைக் கிடத்திய இடத்தை முருகேசன் காட்டுகிறேன் என்றிருக்கிறார். அந்த மண்ணைக் கையால் தொடாமல் திரும்பமாட்டேன், இது சத்தியம். யாரிடமும் உத்தரவு கேட்கப் போவதில்லை.

பெரியப்பாவை விட்டுவிட்டேன், அவர் கேட்கவாவது செய்தார். தாலி கட்டிய நாளிலிருந்து உன் அப்பா பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். மாயாண்டியை நான் மன்னிக்கமாட்டேன்.

உன்னைப் பெத்தவள்