காலைப் படகில் போனவர்

12.2.1958, புதன்

இன்றும் வேலைக்குப் போனேன். சல்லி சலிக்கிற கொட்டகைக்குள் நான் நுழைந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் புருஷன் வீட்டுக்கு வராமல் மூன்று இரவு கழிந்துவிட்டது.

ஞாயிறு காலை சண்டை. பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு டவுனுக்குப் போகிறாரே, யாரைப் பார்க்க? “அடுத்த ஞாயிறும் போவீங்களா?” என்று கேட்டேன். “போனா அங்கேயே இருந்துக்குங்க, இங்க வராதீங்க” என்றேன். வெளியே போனார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது, அவருடைய முதுகு.

மண்டோர் அழகப்பனிடம் இன்று கேட்டேன். குவாரியில் ஆட்களை வேலைக்கு ஏவுகிறவன் அவன். அவனுக்குத் தெரியாமல் யாரும் எங்கும் போக முடியாது. “காலைப் படகுல சாங்கிக்குப் போனான். என் கண்ணால பார்த்தேன்” என்றான். எங்கள் தீவுக்கு எதிர்க்கரை சாங்கி, டவுனுக்கு பஸ் அங்கிருந்துதான். பிறகு, “டவுன்ல ஆளு இருக்கு. உனக்குத்தான் தெரியாது” என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

14.2.1958, வெள்ளி

தீவுப் போலீஸ் சாவடிக்குப் போனேன். மலாய்க்காரக் கார்ப்பரல் நல்ல மனிதர்தான். “புருஷன் டவுனுக்குப் போனால் வந்துவிடுவார் லா, இதை என்னவென்று எழுதுவது?” என்றார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: மருதப்பன், வயது முப்பத்தாறு, கல் துளைக்கிற வேலை, ஆறு வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வராமல் இருந்ததில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் தாண்டி எழுதினார். சாங்கி ஸ்டேஷனுக்கு அனுப்புவாராம்.

15.2.1958, சனி

அவருடைய வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்குகிறது.

டவுனுக்குப் போகிறதென்றால் அந்தச் சட்டைதான். நான் இஸ்திரி போட்டுக் கொடுக்காமல் போனதே இல்லை. நல்ல சப்பாத்தும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காணாமல் போனது வேலைக்குப் போடுகிற காக்கிக் கால்சட்டையும் பழைய பூட்ஸும். அதைப் போட்டுக்கொண்டு யார் டவுனுக்குப் போவார்கள்? மண்டோர் எதற்காகப் பொய் சொல்கிறான்?

சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. கேம்பல் லேன் தையல்கடை. ‘பெண் பிள்ளை கவுன் ஒன்று, மூன்று வயது.’

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

16.2.1958, ஞாயிறு

படகுத் துறையில் காலையிலிருந்து நின்று ஒவ்வொரு படகுக்காரரையும் கேட்டேன். போன ஞாயிறு, உயரமான ஆள், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. இரண்டு சீனர்கள் தெரியாது என்றார்கள். ஒரு மலாய்க் கிழவர், அன்று காலை தம் படகில் தமிழர் யாரும் ஏறவில்லை என்றார். மற்ற படகுகளுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

17.2.1958, திங்கள்

மண்டோர் வந்தான். வேலையை விட்டுப் போனவன் வீடு கம்பெனிக்குச் சேர்ந்ததாம். மாதக் கடைசிக்குள் நான் காலி செய்யவேண்டும்.

18.2.1958, செவ்வாய்

சீனப் பெருநாள். குவாரி மூடியிருக்கிறது. கடைப் பக்கம் பட்டாசு. சோறு இறங்கவில்லை.

20.2.1958, வியாழன்

சாங்கியிலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். பெயர் அப்துல் ஹமீது. நாகூர்ப் பக்கத்துத் தமிழ். அவர் வாயில் நம் பேச்சைக் கேட்டதுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழவில்லை. ஆணியில் தொங்குகிற சட்டையைக் காட்டினேன். சப்பாத்தையும் காட்டினேன். குறித்துக்கொண்டார்.

குவாரி ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலம் திரும்பி வந்து வாசலிலேயே நின்றபடி சொன்னார்: “ஒன்பது பேருகிட்ட கேட்டேன் தங்கச்சி. ஒன்பது பேரும் ‘காலைப் படகுல சாங்கிக்குப் போனான்’னு ஒரு எழுத்து மாறாம சொல்றாங்க. நிஜமாப் பார்த்தவங்க ஆளுக்கு ஒரு விதமாத்தான் சொல்லுவாங்க.”

“அப்ப குவாரியில தேடுங்க சார்.”

“சட்டையை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு மலையைத் தோண்டச் சொல்லி இன்ஸ்பெக்டர்கிட்ட கேக்க முடியாது. டவுன்ல ஒரு பொம்பளைகிட்ட போயிட்டார்ங்கிறாங்க. அப்படி ஒருத்தி இருந்து, அவ கிட்டயும் இவர் இல்லைன்னா, அப்ப நான் பேசலாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியாது என்றேன்.

அந்தச் சீட்டு அப்போது என் ரவிக்கைக்குள்தான் இருந்தது.

21.2.1958, வெள்ளி

ஏன் கொடுக்கவில்லை? கொடுத்தால் ஊரே சொன்னது உண்மையாகிவிடும் என்றா?

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, அவர் அவளோடு உயிரோடு இருக்கிறார். இல்லையென்றால் இந்தத் தீவில் செத்துக் கிடக்கிறார். இதில் நான் எதை வேண்டுகிறேன்? விளக்கேற்றிவிட்டு நின்றேன். கும்பிடத் தெரியவில்லை. என்னவென்று கேட்பது?

எதுவாக இருந்தாலும் என் கண்ணால் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

23.2.1958, ஞாயிறு

முதல் படகு. சாங்கியிலிருந்து பஸ். சிராங்கூன் ரோட்டில் நான் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் நடந்தேன். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அங்கே படித்த எழுத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தையல்கடைக்காரர் பெயர் ரவூப். சீட்டைப் பார்த்ததுமே, “பூவம்மா வூட்டு ஆளா? கவுன் தைச்சு ஒரு மாசமாச்சு” என்று உறையை என்னிடமே கொடுத்துவிட்டார். கெர்போ ரோட்டில் வீடு. மாடியில் மூன்றாவது அறை.

கதவைத் தட்டினேன். திட்டுவதற்கு வாயில் வார்த்தையெல்லாம் வைத்திருந்தேன். திறந்தவள் என்னைவிடச் சின்னவள். சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் தேய்க்கிற கை, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய். என்னைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை, அவருடைய நெற்றியோடு.

“மங்களம் அக்காதானே?” என்றாள். “உள்ள வாங்க. அவரு எப்படி இருக்காரு? உடம்பு சரியில்லையா?”

கவுன் இருந்த உறையை நீட்டினேன்.

“பதினாறாம் தேதி வர்றேன்னு சொல்லியிருந்தாரு. வரலை. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, நீங்க விடலைன்னுதான் நினைச்சேன். அவரு உங்க கூடத்தானே இருக்காரு அக்கா?”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்க வந்த கேள்வியை அவள் என்னிடம் கேட்கிறாள். இங்கேயும் இல்லை. அங்கேயும் இல்லை. அவர் தீவை விட்டு வரவே இல்லை. இனி வேறு எப்படி நினைக்க முடியும்?

எவ்வளவு நேரம் இருந்தேனோ. அவள் தண்ணீர் கொடுத்தாள். முதலில் வேண்டாம் என்று தள்ளினேன். பிறகு குடித்தேன். நாலு வருஷப் பழக்கமாம். தாலி கட்டவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

“நாளைக்கு என்கூட ஸ்டேஷனுக்கு வரணும்” என்றேன்.

“என்னை யாருன்னு கேப்பாங்களே அக்கா. நான் என்னன்னு சொல்லுவேன்?”

“உள்ளதைச் சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்.”

சொல்லிவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

24.2.1958, திங்கள்

சாங்கி ஸ்டேஷன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பூவம்மா சொன்னாள், ஹமீது எழுதினார். மாதம் இரண்டு தடவை வருவார், காலையில் வந்து சாயங்காலப் படகுக்குப் போய்விடுவார், கடைசியாக வந்தது இரண்டாம் தேதி. ஹமீது தலை நிமிராமல் கேட்டார்: “மருதப்பன் உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் என்னைப் பார்த்தாள். எழுதுகோல் நின்றது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

“என் புருஷன் வச்சிருந்தவ. இது அவருடைய பிள்ளை. எழுதுங்க சார்” என்றேன்.

என் குரல்தான் அது. உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எழுதினார். அந்தக் காகிதத்தோடு இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனவர் அரை மணி கழித்து வந்தார். “புதன்கிழமை வர்றோம்” என்றார்.

26.2.1958, புதன்

பன்னிரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மண்டோர் அப்போதும் அதே வார்த்தையைத்தான் சொன்னான். ஹமீது, “இரண்டாம் தேதிக்கு அப்புறம் அந்தப் பொம்பளைகிட்ட அவர் போகவே இல்லை. வாக்குமூலம் இருக்கு” என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

அவன் பேசவில்லை. பேசியது மாணிக்கம். அவரோடு ஒரே துளைமெஷினில் ஆறு வருஷம் ஜோடியாக நின்றவன். எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான். நான் அவன் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டிக்கு முன்னால் நின்று, “அவர் எங்க கிடக்கார்னு மட்டும் சொல்லு” என்றேன். ஹமீது என் பின்னால் நின்றார்.

மாணிக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பெருநாளுக்கு முன்னால் சரக்குப் படகான தொங்கானில் கல் நிரப்பி அனுப்பவேண்டும் என்று மேனேஜர் நெருக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெடி வைக்க அனுமதி கிடையாது. மண்டோர் வைக்கச் சொன்னான். ஐந்து குழியில் நாலுதான் வெடித்தது. ஐந்தாவதைப் போய்ப் பார் என்று இவரை அனுப்பினான். இவர் கிட்டே போனபோது அது வெடித்தது. பாறை முகமே சரிந்து விழுந்தது. வெளியே தெரிந்தால் எல்லோரும் ஜெயிலுக்குப் போகவேண்டும், குவாரியை மூடிவிடுவார்கள், லயத்தில் ஒருவருக்கும் வீடு இருக்காது என்று மண்டோர் சொல்லி, எல்லோருக்கும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தான்.

“கூப்பிட்டோம் அண்ணி. சத்தமே இல்லை.”

“எத்தனை தரம் கூப்பிட்டீங்க?”

அவன் அழுதான்.

“எத்தனை தரம்?”

“ரெண்டு தரம்.”

அந்த வெடியை நானும் கேட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வெடி என்றுகூடத் தோன்றவில்லை. என் கோபம் எனக்கு. அடிச்சுத் துவைச்சுக்கிட்டே இருந்தேன், பாவி நான்.

28.2.1958, வெள்ளி

மூன்றாம் நாளாகக் கல் அள்ளுகிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். லயத்துப் பெண் ஒருத்தி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மண்டோரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டைக் காலி செய்ய யாரும் வரவில்லை.

2.3.1958, ஞாயிறு

கிடைத்துவிட்டார். புருவத்துத் தழும்பைப் பார்த்து அவர்தான் என்று சொன்னேன்.

உடனே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஹமீது சொன்னார். அவர் பொய் சொல்கிறவரில்லை. நம்புகிறேன்.

4.3.1958, செவ்வாய்

பிடாடரி இடுகாட்டில் அடக்கம். பூவம்மா வாசல் பக்கம் மரத்தடியில் பிள்ளையோடு நின்றாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட மனம் வரவில்லை. மண் போடுகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். அவளும் ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், எங்கே போடுவது என்று தெரியாமல். சற்று விலகி இடம் விட்டேன். வந்து போட்டாள். அவ்வளவுதான்.

அவரை நான் மன்னிக்கவில்லை. அழுகிறேன், அது வேறு.

19.6.1958, வியாழன்

தீர்ப்பு. மண்டோருக்கு இரண்டு வருஷம். மேனேஜர் ஏப்ரலிலேயே கப்பல் ஏறிவிட்டாராம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ‘தானாக வேலையை விட்டுப் போனவர்’ என்று கம்பெனிப் பதிவில் இருந்ததை அடித்துவிட்டு, ‘வேலையில் இறந்தவர்’ என்று எழுதவேண்டும் என நீதிபதி சொன்னார். ஹமீது தமிழில் சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

தீவில் இனி இருக்கமுடியாது. சிராங்கூன் பக்கம் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை இருக்கிறதென்று பூவம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் தயவில் ஒரு வேலையா? யோசிக்கவேண்டும்.

3.7.1958, வியாழன்

யோசித்தாயிற்று. திங்கட்கிழமை சேர்கிறேன்.

18.11.1960, வெள்ளி

இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று, இந்த நோட்டைத் தொட்டு. இன்று எழுதவேண்டும் போலிருக்கிறது.

அவருடைய பிள்ளை தேன்மொழியைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப் போனேன். பூவம்மாவுக்குக் காலை வேலை, விடமாட்டார்கள். எனக்குப் பிற்பகல் முறை. ஆசிரியை சேர்க்கைப் பாரத்தை எடுத்துவைத்துக் கேட்டார்.

“அப்பா பேரு?”

“மருதப்பன்.”

“என்ன வேலை?”

“கல்குவாரியில இருந்தார். வேலையில இறந்துட்டார்.”

“அம்மா பேரு?”

“பூவம்மா.”

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?”

பிள்ளை என் புடவையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா” என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். கீழே ஒரு கோட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.