கட்டிலில் ஆளில்லாத குறட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம். மருத்துவமனை வேலைதான் முதுகை ஒடிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, லேப்பில் வேலை பார்க்கும் என் அறைத்தோழி என்னை நவீன ஓவியக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முழுக்க நீலம் பூசிய ஒரு பலகை, சுவரில் ஆணியடித்த ஒற்றைச் செருப்பு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல விழித்தோம். கடைசியில் ஓர் இருட்டறை. அங்கே வெறும் கட்டில். அதன் தலையணைக்குள்ளிருந்து ஓர் ஆண் குறட்டை விடும் சத்தம் மட்டும் வந்தது.

“இதுக்கா டிக்கெட் எடுத்தோம்? ஊர்ல எங்க வீட்டுக்காரர் ஓசியிலயே விடுவாரே!” என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் காவலாளி வந்து, மூடும் நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். கண் கொஞ்சம் கலங்கியது. ஏசிக் குளிராக இருக்கும்.

சென்ற விடுப்பில் நான் வந்திருந்தபோது, “புள்ள நிம்மதியா தூங்கட்டும், நான் மாடில படுத்துக்கறேன்” என்று அப்பா தினமும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். ஒரு நாளாவது நான் தடுத்திருக்கலாம். இங்கே அறையில் ஒரு சத்தமும் கிடையாது, தூக்கம்தான் வரமாட்டேனென்கிறது.

தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது, ஒரு பாட்டில் அனுப்பு. அப்புறம், அப்பா அசந்து தூங்கும்போது அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பு. அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே, கூச்சப்பட்டுக்கொண்டு விழித்தே கிடப்பார்.

ஷிப்டு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. ஓடுகிறேன்.

உன் மகள்