ஆணி அடித்த இடம்

மங்களூர்,
14.9.1994

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

நீயும் மகள் மீனுவும் சுகம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

விசைப்படகில் நான் படுக்கிற கேபினுக்குள் ஒரு வாரமாகத் தண்ணீர் கசிந்தது. நீ கொடுத்துவிட்ட பத்தமடைப் பாய் தினமும் நனைந்தது. பயப்படாதே, சின்னக் கசிவுதான். ஆனாலும் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகு ஓட்டுகிற அருளப்பன் அண்ணாச்சி உவரிக்காரர். "ஏலே, நாக்குல வச்சுப் பாரு. உப்புக் கரிச்சா கடலு, இல்லன்னா மழை" என்றார். கரித்தது. அதன்பிறகு அவரும் என்னோடு தேட வந்தார். பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தோம், அகப்படவில்லை.

கடைசியில் நீ மடித்துத் தந்த திருநீற்றைச் சுவரெங்கும் தடவினேன். "வேதக்காரன் போட்டுக்கே பட்டை போடுதியாலே?" என்று கிறிஸ்தவரான அண்ணாச்சி கேலி செய்தார். கடலுக்குள் போய் அலை அடித்ததும் திருநீற்றில் ஈரம் ஒரு கோடாக இறங்கியது. கோட்டின் மேல்முனையில் உங்கள் இருவர் படம். அதை மாட்ட நான் அடித்த ஆணி, பலகையைத் துளைத்து வெளியே போயிருக்கிறது!

ஆணியைப் பிடுங்கித் துளையைத் தாரால் அடைத்துவிட்டோம். இனிமேல் கேபினில் ஆணியே அடிக்கக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். படம் பெட்டிக்குள் கிடக்கிறது. படுத்தால் கண் தானாக அந்தச் சுவருக்குத்தான் போகிறது. அங்கே தார்தான் தெரிகிறது.

திருநீறு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. இதோ, அண்ணாச்சி கூப்பிடுகிறார், கிளம்ப வேண்டும். பாளையங்கோட்டைக்குப் போனால் ஸ்டுடியோவில் நீங்கள் இருவரும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் அடங்குகிற அளவு போதும். நனையாமல் இருக்க லேமினேஷன் பண்ணி அனுப்பு.

உன்
முத்துக்குட்டி